இலைக்கும் அளவு உண்டு

நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்புக் குடிநீர்ப் பொடி கேட்டால் பொட்டலம் உடனே கைக்கு வந்துவிடும். யாருக்கு, எதற்கு, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று பெரும்பாலான கடைகளில் கேட்பதில்லை. வாங்குகிறவரும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் ஒரு கொதி வந்ததுமே இறக்கி வடிகட்டிவிடுவார். இன்னொருவர் காலையில் சட்டி நிறையக் காய்ச்சி மூடிவைத்து, இரவு வரை ஊற்றி ஊற்றிக் குடிப்பார். மற்றொருவர் கசப்பு தெரியக் கூடாதென்று நாட்டுச் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார், குடிக்கப்போகிறவர் நீரிழிவுக்காரர் என்பதை மறந்து. இந்த மருந்தை வகுத்த சித்த மருத்துவர்கள் இவற்றில் எதையும் சொல்லவில்லை.

2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டை முடக்கிப் போட்டபோது நிலவேம்பு வீடு வீடாகப் போனது. 2012-ல் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனைகளிலேயே அதைக் கொடுத்தார்கள். 2020-ல் கொரோனா வந்ததும் தெருமுனைகளில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் காய்ச்சினார்கள். கஷாயம் என்றால் முகம் சுளித்த ஒரு தலைமுறை தன் பாட்டன் பாட்டியின் மருந்தைத் தேடி வந்தது. இதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மருந்து திரும்பி வந்த வேகத்தில் அதன் முறை திரும்பி வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த முறையைப் பற்றியது.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. அதனோடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று மொத்தம் ஒன்பது சரக்குகள், எல்லாம் சம எடையில். இவற்றை மாவாக அரைக்காமல் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். அப்படி இடித்த பொடியில் ஏறக்குறைய 5 கிராம் எடுத்து 200 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 50 மில்லியாக, அதாவது நாலில் ஒன்றாக, வற்றவிட வேண்டும். வேரும் கட்டையும் சேர்ந்த சரக்கு என்பதால் ஒரு கொதியில் அதன் சத்து இறங்காது. மண் சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ நல்லது, அலுமினியம் வேண்டாம். வடிகட்டி, இளஞ்சூட்டில், உணவுக்கு முன் குடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வேளை அளவு அவ்வளவுதான். காய்ச்சல் நாட்களில் காலை, மாலை இரு வேளை. காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடலாம். குழந்தைகளுக்கான அளவை வயதையும் எடையையும் பார்த்துச் சித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பு கூடாது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடர்ந்து குடிக்கக் கூடாது. இரண்டையும் இறக்கும் தன்மை இந்தச் செடிக்கு உண்டு.

காய்ச்சிய குடிநீர் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காது. சித்த மருத்துவம் உள்ளுக்குத் தரும் மருந்தை 32 வகையாகவும், வெளியில் பூசுவது முதலானவற்றை 32 வகையாகவும் பிரித்து, உள்மருந்து ஒவ்வொன்றுக்கும் ஆயுள் குறித்திருக்கிறது. குடிநீருக்கும் இலைச்சாற்றுக்கும் ஒரு சாமம். சூரணத்துக்கு மூன்று மாதம். இளகத்துக்கு, அதாவது லேகியத்துக்கு, ஆறு மாதம். எண்ணெய்க்கு ஓராண்டு. ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாள் குடிப்பதற்கு இந்தக் கணக்கில் இடம் கிடையாது. போன தீபாவளிக்குக் கிளறிய லேகியத்தை இந்தத் தீபாவளிக்கு எடுத்துச் சாப்பிடுவதற்கும் கிடையாது.

டெங்குக் காலத்தில் இதோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். குடிநீர் குடித்துக் காய்ச்சல் இறங்கிவிட்டதென்று நிம்மதி அடையும் அந்த ஓரிரு நாட்களில்தான் டெங்குவில் ஆபத்து தொடங்கும். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதைப் பப்பாளி இலைச்சாறும் நிறுத்தாது, நிலவேம்பும் நிறுத்தாது. அப்போது காப்பாற்றுவது அளந்து ஏற்றப்படும் திரவம்.

வலு உள்ளது என்பதால்தான்

மூலிகையில் பக்கவிளைவே கிடையாது என்ற வாசகத்தை விளம்பரங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மரபுக்குள் வளர்ந்த மருத்துவர்கள் அப்படிச் சொன்னதில்லை. சுக்கின் தோலைச் சீவு, கடுக்காயின் கொட்டையை எடுத்துவிடு என்று ஆரம்பப் பாடத்திலேயே எச்சரித்தவர்கள் அவர்கள். எட்டிக்கொட்டை, சேராங்கொட்டை, நாபி போன்ற நஞ்சுச் சரக்குகளுக்குச் சுத்தி முறைகளை வகுத்தார்கள். எதனோடு உட்கொள்வது என்று அனுபானம், எதை ஒதுக்குவது என்று பத்தியம், எத்தனை நாள் என்று காலக்கெடு. மருந்து கெடுக்கவும் செய்யும் என்று அறிந்தவர்கள் போட்ட வேலிகள் இவை. காய்ச்சலை இறக்கும் வலு ஓர் இலைக்கு உண்டென்று நம்புகிறவர், அதே இலை கல்லீரலைத் தொடக்கூடும் என்பதையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

வலு உண்டு என்பதற்குச் சான்றுகளுக்குக் குறைவில்லை. சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பை இறக்குவதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். மூன்றே ஆண்டுகளில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகம் முழுவதும் மாத்திரையானது. அதே ரெசர்பின் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியதும் பிறகு தெரியவந்தது. நம் திருநெல்வேலிச் சீமையின் நிலாவரை, ஊர்ப் பெயரோடு சேர்த்தே உலகச் சந்தையில் விற்கும் மலமிளக்கி. மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் அது உடம்பின் பொட்டாசியத்தை வடித்துவிடும். பாடகர்கள் குரலுக்காக மெல்லும் அதிமதுரமும் பொட்டாசியத்தைக் குறைக்கும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். கச்சேரி நாளில் ஒரு துண்டு மெல்வதால் ஒன்றும் ஆகாது. கொதிப்புக்காரர் தினம் இரு வேளை அதிமதுரப் பொடி சாப்பிடுவது வேறு கதை.

அடுக்களையோடு நிற்பவை

சளி, லேசான இருமல், அஜீரணம் ஆகியவற்றுக்கு அடுக்களையும் கொல்லையும் போதும். சுக்கு மல்லிக் காபிக்குத் தோல் சீவிய சுக்கு ஒரு சிறு துண்டு, அதைப்போல் இரு மடங்கு தனியா, நாலைந்து மிளகு. இடித்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒன்றாக வற்றவிட்டு, கருப்பட்டி சேர்த்துக் குடிக்கலாம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். தூதுவளையை முள் நீக்கி நெய்யில் வதக்கித் துவையலாகவோ ரசமாகவோ செய்யலாம். கற்பூரவள்ளி இலை இரண்டைக் கழுவி, அனலில் வாட்டிப் பிழிந்தால் ஒரு கரண்டிச் சாறு வரும். தேன் கலந்து கொடுக்கலாம், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் தரும். அதில் நடக்கும் விபத்து கொதிநீரால் வருவது. போர்வைக்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடித்து, பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோன பிள்ளைகளைத் தீக்காயப் பிரிவுகள் நன்றாக அறியும். பாத்திரத்தைத் தரையில் அசையாமல் வைத்து, பெரியவர்கள் மட்டும் பிடிக்க வேண்டும்.

ஆடாதோடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலியோரம் நிற்கும் இந்தச் செடியின் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. இன்று மருந்துக் கடையில் வாங்கும் எத்தனையோ இருமல் மருந்துகளில் அதுவோ அதன் வழிவந்த ஆம்ப்ராக்சாலோ இருக்கிறது. கோழையை இளக்கும் என்று கிராமத்தில் சொன்னது வீண்பேச்சல்ல. ஆனால் அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் இயல்பு உண்டு. ஆகவே கர்ப்பிணிக்கு ஆடாதோடைக் குடிநீரோ மணப்பாகோ கொடுக்கக் கூடாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் யாராக இருந்தாலும் கஷாயத்தை நிறுத்திவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காசநோயைக் கஷாயத்தோடு வீட்டில் வைத்திருப்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் கேடு.

மஞ்சள் பாலில் மிளகு சேர்ப்பது சுவைக்காக மட்டும் அன்று. மஞ்சளின் குர்குமின் தனியே உடம்பில் மிகக் குறைவாகவே சேரும். மிளகின் பைபரின் கூடவே போனால் அது சேரும் அளவு பல மடங்காகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். நம் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த அழகான சான்று இது. ஆனால் பைபரின் குர்குமினை மட்டும் தேர்ந்து உள்ளே அனுப்புவதில்லை. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாய்ன் போன்ற மருந்துகளின் அளவையும் அது இரத்தத்தில் ஏற்றிவிடும். ஒரு டம்ளர் பாலில் இரண்டு மிளகு போடுவதற்கு யாரும் அஞ்ச வேண்டாம். குர்குமினையும் பைபரினையும் செறிவாக்கி அடைத்த மாத்திரைகள் வேறு வகை. அவற்றைச் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி இப்போது பல நாடுகளின் மருத்துவர்கள் எழுதிவருகிறார்கள். கடையில் மஞ்சள் வாங்கும்போது பளபளவென்று கண்ணைப் பறிக்கும் கிழங்கைத் தவிர்க்க வேண்டும். நிறத்துக்காக ஈயக் குரோமேட் பூசும் கொடுமை இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்

தமிழர்களிடம் மூலிகை என்றதும் முதலில் வரும் பெயர் கீழாநெல்லி. செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம். சில நாட்களுக்கு எண்ணெய் இல்லாத மோர்ச்சோற்றுப் பத்தியம். கண் வெளுத்துவிடும், ஊரும் நம்பும்.

இந்த நம்பிக்கையை அறிவியல் அலட்சியம் செய்யவில்லை. கல்லீரல் அழற்சி பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க், சென்னை ஆய்வாளர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. வைரஸை நெடுநாள் சுமந்திருந்தவர்களில் 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு அதன் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது என்றது அந்தக் கட்டுரை. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பல நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்த அளவு பலன் திரும்பக் கிடைக்கவில்லை. எந்த இனம், எந்த மண், எந்தப் பருவத்தில் பறித்தது என்ற வேறுபாடுகள் காரணமாக இருக்கலாம் என்ற வாதம் உண்டு. கீழாநெல்லியைப் போலவே இருக்கும் அதன் உறவுச் செடிகள் பல. கடைச் சரக்கில் அவை கலந்தே வருகின்றன.

அப்படியானால் ஊரில் கண் வெளுத்தது? காமாலையில் நாம் அதிகம் பார்ப்பது அசுத்தமான நீரால் வரும் ஏ வகை. ஓய்வும் நல்ல உணவும் இருந்தால், பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அது தானே போய்விடும். அந்த வாரங்களில் கீழாநெல்லி குடித்தவர் அதற்கு நன்றி சொல்வது இயல்பு. ஆனால் பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். எலிக்காய்ச்சலிலும் ஆகும். கணையப் புற்றிலும் ஆகும். பி வகை வைரஸ் ஓசையில்லாமல் உள்ளே தங்கி, பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரலைச் சுருக்கும். மேலுக்குக் கண் வெளுத்துவிட்டால் அது போய்விட்டதென்று பொருளல்ல. எனவே கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை: பிலிருபின், கல்லீரல் நொதிகள், பி வைரஸ் சோதனை. ஏ வகைதான் என்று தெரிந்து, நோயாளி தெளிவாகவும் இருந்தால், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு மோரில் கீழாநெல்லி குடிப்பதை நான் தடுக்கமாட்டேன். நோயாளி பிதற்றினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்தாலோ, எங்காவது இரத்தம் கசிந்தாலோ ஒரு வேளைகூடக் காத்திருக்கக் கூடாது. கடும் பத்தியம் போட்டு உடம்பை வாட்டுவதும் வேண்டாம். கல்லீரல் தேறுவதற்குச் சோறும் பருப்பும் தேவை.

பச்சை உடம்புக்காரர்கள்

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்தே வருகின்றன. பிள்ளைக்கு நல்லதென்று நினைத்து அன்போடு செய்யும் காரியங்கள் இவை.

உரை மருந்து பல வீடுகளில் இன்றும் உண்டு. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் இழைத்துத் தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். வசம்பில் பீட்டா-அசரோன் என்ற பொருள் உண்டு. விலங்குகளுக்கு அது புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்க அரசு 1968-ல் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. அதற்கும் முன்னால் வரும் ஆபத்துகள் வேறு. கழுவாத கல்லிலிருந்து வயிற்றுப்போக்கு வரும். தொண்டையில் சிக்கும் துகள் நுரையீரலுக்குப் போகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும், தண்ணீரும்கூட, வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஓம நீருக்கும் வசம்புக்கும் பொருந்தும். வயிறு உப்பி அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடவைப்பதும், கால்களை மடக்கி நீட்டுவதும், வயிற்றை இளஞ்சூட்டுக் கையால் தடவுவதும் நம் பாட்டிகள் அறிந்த வைத்தியம்தான். அவற்றை விடாமல் செய்யலாம்.

கற்பூரம் இன்னும் மோசமானது. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது சளிக்குக் கண்கண்ட மருந்து என்று நினைக்கிறோம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். வாய்வழி போனாலோ, சிறு துண்டே ஒரு குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். பூசைத் தட்டில் இருக்கும் வெள்ளைக் கட்டியைப் பிள்ளை மிட்டாயென்று வாயில் போட்டுக்கொள்வது நம் வீடுகளில் நடக்கக்கூடியதுதான். இரண்டு வயதுக்குக் கீழ் கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் எதையும் தேய்க்கவே கூடாது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கமும் நுரையீரலில் எண்ணெய் தேங்கி நிமோனியாவில் முடியும்.

வேப்பெண்ணெய்க்கு ஒரு துயரக் கதை உண்டு. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் கைக்குழந்தைகளுக்குச் சளிக்கும் இருமலுக்கும் வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் இருந்தது. அதைக் குடித்த சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். கல்லீரலும் மூளையும் ஒருசேரப் பாதிக்கப்பட்டிருந்தன. அங்குள்ள மருத்துவர்கள் 1981-ல் லான்செட்டில் இதை எழுதினார்கள். வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துத் தோலில் பூசுவது வேறு. சொறி சிரங்குக்கு இந்தப் பூச்சைப் பயன்படுத்திய 814 பேரில் 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாட்களில் குணமானதாக 1992-ல் இந்திய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முன்னோட்ட ஆய்வுதான், ஆனாலும் மதிக்கத்தக்கது. ஒரே மரத்தின் இலை தோலுக்கு மருந்தாக இருக்கும்போது அதன் எண்ணெய் பிள்ளையின் வயிற்றுக்கு நஞ்சாகிறது.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அறுவடையில் நெல் சொங்கு பட்டால் இலைச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று எதையாவது விடுவார்கள். மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களைப் பற்றி 1997-ல் வெளியான ஆய்வு, பெரும்பாலான புண்கள் சிறு காயத்தில் தொடங்கியவை, பூஞ்சை முக்கியக் காரணம் என்று காட்டியது. காயம் பட்ட கண்ணில் இலைச்சாறு விடுவது அந்தப் பூஞ்சையை அழைத்து உட்கார வைப்பதற்குச் சமம். சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். எருக்கம்பால் கண்ணில் தெறித்தாலும் இதேதான்.

பாட்டிக்குத் தெரிய வழியில்லாதது

தின்ற அன்றே வாந்தி எடுக்கவைக்கும் செடியை அனுபவம் கண்டுபிடித்துவிடும். ஊமத்தையும் அரளியும் நஞ்சென்று ஊருக்கே தெரிவது அப்படித்தான். பத்து ஆண்டு கழித்துச் சிறுநீரகத்தை அழிக்கும் செடியை எந்த அனுபவத்தால் கண்டுபிடிப்பது? இங்கேதான் மரபறிவுக்கு ஆய்வகத்தின் துணை வேண்டியிருக்கிறது.

ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் நம் வயல்களிலும் காடுகளிலும் விளைபவை. குடற்புழுவுக்கும் பாம்புக்கடிக்கும் கொடுத்துவந்தவை. இரண்டும் அரிஸ்டலோக்கியா இனம். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை எடுத்த இளம் பெண்களுக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழப்பதை 1993-ல் மருத்துவர்கள் அறிவித்தார்கள். மாத்திரையில் சேர வேண்டிய ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா சேர்ந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை நூறைத் தொட்டது. அவர்களில் பலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. இந்தச் செடிகளில் உள்ள அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திவிட்டது. இவற்றை உள்ளுக்குச் சாப்பிடுவதை நாம் முழுமையாகக் கைவிட வேண்டும். இதைக் கொடுத்துவந்த முன்னோர்மேல் குற்றம் இல்லை. கெடுதலையும் காரணத்தையும் இணைத்துப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது. பாம்புக்கடிக்கு விஷமுறி ஊசி ஒன்றே மருந்து. அதை விட்டுவிட்டு வேர் தேடி அலையும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்து.

சீந்தில் விவகாரமும் இந்த வரிசையில் வரும். கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்திலை மாதக்கணக்கில் எடுத்தவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது சீந்தில்தானா, அதன் உறவுக் கொடியா என்று கேட்டது. நியாயமான கேள்வி. பின்னர் நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய 43 பேரின் விவரம் வெளியானது. தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்பாற்றல் கோளாறு உள்ளவர்கள், தைராய்டு அழற்சிக்காரர்கள், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள் சீந்திலைத் தாமே எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. காய்ச்சல் நாட்களில் குடித்து நிறுத்த வேண்டியதை வருடம் முழுக்கக் காலைக் காபிக்குப் பதிலாகக் குடிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

நடைப்பயிற்சிப் பூங்காக்களின் வாசலில் விற்கும் சாறுகளும் கவனிக்க வேண்டியவை. அருகம்புல் எங்கே வளர்ந்தது, எந்த நீரில் கழுவியது என்று தெரியாமல் பச்சையாகக் குடிக்கிறோம். சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு மடக்கும் விழுங்கக் கூடாது, உடனே துப்பிவிட வேண்டும். கசப்புச் சுரைச்சாற்றால் 2010-ல் டெல்லியில் ஓர் உயிர் போனது. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே நிபுணர் குழு அமைத்து எச்சரித்தது. வெந்தயமும் பாகற்காயும் சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைப்பவை. இன்சுலின் போடுபவர் அவற்றை மருந்தளவில் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழுவார். சேர்ப்பதானால் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, வீட்டில் அளந்து பார்த்துக்கொண்டு சேர்க்க வேண்டும்.

வாங்கும்போதும் சொல்லும்போதும்

தெரியாத செடியைக் கைப்பேசிப் படத்தோடு ஒப்பிட்டுப் பறிக்காதீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு, மண்ணிலிருந்து எடுத்தால் உண்ணும் வள்ளிக்கிழங்குபோலத்தான் இருக்கும். அதிலிருந்து எடுக்கும் கொல்ச்சிசின் மூட்டுவாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் கொல்லும். செடி வேண்டுமென்றால் நாற்றங்காலில் வாங்கி வீட்டில் வளர்ப்பது நல்லது. துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை, ஆடாதோடை நான்கும் தொட்டியில் வரும்.

தயாரித்த மருந்தாக வாங்கினால் உறையில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்க வேண்டும். இந்திய மருத்துவ முறை மருத்துவர்கள் சேர்ந்து 1944-ல் தொடங்கிய இம்காப்ஸ், அரசின் டாம்ப்கால் போன்ற இடங்களின் மருந்துகளில் இவற்றைப் பார்க்கலாம். நீரிழிவையும் புற்றையும் அடியோடு குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிச் சொல்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள். பற்பம், செந்தூரம் ஆகியவற்றைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் நேரில் பார்த்துக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன நாள் வரை எடுக்கலாம். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது கண்டுபிடிக்கப்பட்டது. கூரியரில் பெயரில்லாத பொட்டலமாக வரும் சூரணத்தில் என்ன இருக்கிறதென்று சொல்வதற்கு யாரும் இல்லை. மூட்டுவலிக்கு இரண்டே நாளில் அற்புதம் செய்யும் பொடி என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டால் இரண்டு வாரம் முன்பே பூண்டு, இஞ்சி, மஞ்சள் மாத்திரைகளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். இரத்தம் உறைவதை இவை தாமதப்படுத்தும். சமையலில் சேர்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரைகள் பற்றிய எச்சரிக்கை என்றைக்கும் பொருந்தும்.

டாக்டர் திட்டுவார் என்று நோயாளிகள் கஷாயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. திட்டுகிற டாக்டர்கள் இருப்பதும் உண்மை. அவர்களுக்கு என் வேண்டுகோள்: திட்டினால் அடுத்த முறை அந்த நோயாளி மறைப்பார், கல்லீரல் நொதி ஏன் ஏறியதென்று உங்களுக்கும் தெரியாமல் போகும். நோயாளிகளுக்கு: சாப்பிடும் பொடி, லேகியம், தைலம் எல்லாவற்றின் உறைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரின் மேசைமேல் வையுங்கள். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும், அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனையிலும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் படித்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். யூடியூபில் கேட்பதை அவர்களிடம் நேரில் கேட்கலாம்.

ஒரு மூலிகையைச் சாப்பிட்ட பிறகு வாந்தி, மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்று ஏதாவது வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மோர், எலுமிச்சை, பச்சை முட்டை எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மீதியிருக்கும் இலையையோ வேரையோ பொட்டலத்தையோ அப்படியே ஒரு காகிதப் பையில் போட்டு ஆம்புலன்ஸில் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டார் என்பதையும் அந்தப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.